சுங்கை சிப்புட்டில் ஒரு மருந்தகம்: மனநல மாத்திரை வாங்குவோர் அறிய வேண்டியது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் தோட்டத்து மக்கள் அதிகம் நாடும் தனியார் மருந்தகம் ஒன்றின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். மிகை எழுச்சியும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்காக என் தங்கைக்கு லாமோட்ரிஜின் என்ற மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டபோது, சீட்டை வாங்கிய மருந்தாளர் அம்மையார், அவள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்றுதான் முதலில் கேட்டார். வால்புரோயேட் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் லாமோட்ரிஜின் உடலில் நெடுநேரம் தங்கும் என்பதால் தொடக்க அளவைப் பாதியாக்க வேண்டும். தங்கை வால்புரோயேட் சாப்பிடவில்லை. முதல் 2 வாரம் நாளுக்கு 25 மில்லிகிராம், அடுத்த 2 வாரம் 50 மில்லிகிராம் என்று மருத்துவர் குறித்திருந்ததைத் தாளில் தெளிவாக எழுதித் தந்து, சீக்கிரம் குணமாகட்டும் என்று அளவைக் கூட்டிவிடக் கூடாது என்றார்.

அவர் மிகவும் வலியுறுத்தியது தோலைப் பற்றித்தான். அரிதாக, பெரும்பாலும் முதல் 8 வாரங்களுக்குள், ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எனப்படும் கடும் பாதிப்பு வரலாம். காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல் என்று தொடங்கி, வாயும் உதடும் புண்ணாகி, தோல் கொப்புளித்து உரிந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். தோட்டப்புறத்தில் இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுப்பது தவறு என்பது என் கருத்து, ஏனெனில் காய்ச்சலோடு உடம்பில் முத்து முத்தாகக் கண்டால் அம்மை என்று வேப்பிலை வைத்து வீட்டிலேயே படுக்க வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. “வேப்பிலையை அப்புறம் வைக்கலாம்மா, மாத்திரையை நிறுத்திட்டு முதல்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று என் அம்மாவிடம் அவர் சொன்ன விதத்தில் கண்டிப்பு இருந்தது, ஏளனம் இல்லை.

சில வாரங்களில் தங்கையின் மார்பில் சிவந்த தடிப்புகள் தோன்றின. தொலைபேசியில் விவரம் கேட்ட அவர், காய்ச்சல் இல்லாவிட்டாலும் காத்திருக்க வேண்டாம் என்று அப்போதே அவசரப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கு மருந்தை நிறுத்தினார்கள். தடிப்பு அடங்கியது, மாற்று மருந்து தரப்பட்டது.

மாற்றாக கார்பமாசெபின் என்ற மருந்தைத் தரலாமா என்று பிறகு அந்த மருந்தாளரிடம் கேட்டேன். எச்.எல்.ஏ-பி 15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த மருந்தால் இதே ஆபத்து பன்மடங்கு கூடும், சீனர், மலாய்க்காரரிடையே அது மிகுதி என்றாலும் இந்தியரிடமும் உண்டு, தொடங்குமுன் இரத்தப் பரிசோதனையில் அறியலாம் என்று பொறுமையாக விளக்கினார்.

குறைகளும் உண்டு. அச்சிட்ட எச்சரிக்கைத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைக்கிறது; தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த தாய்மாருக்கு அது பயன்படாது. அந்த அம்மையார் விடுப்பில் இருக்கும் நாளில் முகப்பில் நிற்பவர்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பையை நீட்டுவதோடு சரி. புதிதாக மனநல மருந்து தொடங்குபவர்கள் அவர் இருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து செல்லுங்கள். இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளையும் உறையோடு எடுத்துச் செல்லுங்கள்.