விதியைச் சுருக்குவதா, கமராவைக் கூட்டுவதா?

கிரிக்கெட்டில் நடுவர் தீர்ப்பு ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க இரண்டு வழி சொல்கிறார்கள். விதியை எளிதாக்கு என்பது ஒன்று, கமராவிடம் விடு என்பது மற்றது. என் வாக்கு விதிக்குத்தான். ஆனால் கமராவைச் சும்மா தள்ளிவிடவும் முடியாது.

நடுவர் தீர்ப்பைக் கமராவில் மீண்டும் பார்க்கும்படி வீரர்கள் கேட்கும் (ரிவியூ) முறைதான் டீ.ஆர்.எஸ். அது முதன்முதலில் பரீட்சிக்கப்பட்டதே நம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்தான், 2008 ஜூலையில், இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில். அதன்பின் கண்ணுக்குத் தெரிந்த அநியாயங்கள் குறைந்தன. ஆனால் தீர்ப்பு ஒரே மாதிரி ஆனதா? ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்பது எல்.பி.டபிள்யூ. அதில் பந்தின் பாதிக்கும் குறைவான பகுதிதான் ஸ்டம்பில் படும் என்று திரை காட்டினால், நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். விரல் தூக்கியிருந்தால் அவுட், தூக்காவிட்டால் இல்லை. அதே பந்து, இரண்டு தீர்ப்பு! காலில் பட்டபின் பந்து போகும் பாதை வெறும் கணிப்பு என்பதால் இந்த ஏற்பாடு. நியாயம்தான். ஆனால் இது பெரிய பிழைகளைத் திருத்தும் வழி, தீர்ப்புகளைச் சமன்படுத்தும் வழி அல்ல.

முன்கால் நோ-போலைப் பாருங்கள். பந்து போடுபவரின் முன்கால் கோட்டைத் தாண்டினால் அது நோ-போல், அதாவது விதி மீறிய பந்து. கோட்டுக்குப் பின்னால் காலில் கொஞ்சமாவது இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. மூன்றாவது நடுவர் பார்க்கத் தொடங்கியபின் அதில் சண்டையே இல்லை. கமரா கெட்டித்தனம் காட்டுவது இப்படிக் கோடு போட்ட விதியில்தான்.

இடுப்புயர நோ-போல் வேறு கதை. நிலத்தில் படாமல் (ஃபுல் டொஸ்) துடுப்பாட்டக்காரரின் இடுப்புக்கு மேலே வரும் பந்தும் நோ-போல்தான். 2024 பெப்ரவரி, தம்புள்ளை, ஆப்கானிஸ்தானுடன் டி20. 3 பந்தில் 11 ஓட்டம் வேண்டும். கமிந்து மெண்டிஸின் இடுப்புக்கு மேலே வந்த ஃபுல் டொஸ்ஸுக்கு நடுவர் கை நீட்டவில்லை. சர்வதேச மெட்சில் அதை ரிவியூ கேட்கவும் முடியாது. இலங்கை 3 ஓட்டத்தால் தோற்றது; நடுவரைத் திட்டிய இலங்கை அணித்தலைவர் ஹசரங்கவுக்குத் தடை வந்தது. அடுத்த மாதம் ஐ.பி.எல்.லில் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு வீரரின் இடுப்புயரத்தையும் முன்கூட்டியே அளந்து வைத்து, பந்தின் உயரத்தை அதோடு ஒப்பிட்டார்கள். முதலில் இடுப்பை ஓர் எண்ணாக்கினார்கள், பிறகுதான் கமராவைக் கூப்பிட்டார்கள். அதுதான் சரியான வரிசை.

எண் இருந்தால் மட்டும் போதாது என்பதை பந்தை வீசாமல் எறிகிறார் என்று குற்றஞ்சாட்டப்பட்ட நம் சுழற்பந்து வீச்சாளர் முரளியின் கதை அறிந்த நமக்குச் சொல்லத் தேவையில்லை. பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்பது எல்லோருக்கும் பொதுவான அளவு. ஆனால் மைதானத்தில் நிற்கும் எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது, ஆய்வுகூடம் போனால்தான் தெரியும்.

இனி கொழும்பின் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளுக்கு வருவோம். மென்பந்தில் எல்.பி.டபிள்யூ.வே கிடையாது. துடுப்பெடுத்தாடும் அணியின் பையன்தான் பெரும்பாலும் நடுவராக நிற்பான், அவனிடம் போய் எப்படி அப்பீல் கேட்பது? பந்து போடுபவனுக்குக் கொஞ்சம் நட்டம். காலைக் குறுக்கே வைத்து விளையாடுபவன் தப்பிவிடுவான். ஆனாலும் எல்லா ஒழுங்கையிலும் ஒரே தீர்ப்பு.

பாடசாலை மெட்சுகளில் பந்தைப் பின்தொடரும் கமரா தொகுதி வைக்க யாரிடம் காசு? அங்கே எட்டாத தூரத்தில் போகும் வைட் பந்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டாலே பாதிச் சச்சரவு தீரும். தொலைக்காட்சியில் போகும் சர்வதேச மெட்சில் கமரா ஏற்கெனவே இருக்கிறது. இடுப்பை அளந்துவிட்டு, அந்த நோ-போலுக்கும் ரிவியூ கேட்க விட்டால் போதும்.