ராகு காலம் காட்டும் மின்தாள் திரை

எங்கள் வீட்டுச் சமையலறையில், தினசரி நாள்காட்டி தொங்கிய ஆணியில் இப்போது ஏழரை அங்குல மின்தாள் திரை ஒன்று தொங்குகிறது. மின்நூல் படிக்கும் கிண்டில் கருவியில் இருக்கிறதே, தானாக ஒளிராமல் அச்சடித்த காகிதம் போலத் தெரியும் திரை, அதே வகைதான். கறுப்பு வெள்ளை, 800க்கு 480 புள்ளிகள். பின்னால் திரையை இயக்கும் இஎஸ்பி32 என்ற வைஃபை வசதியுள்ள சிறு மின்னணுப் பலகையும் லித்தியம் பேட்டரியும் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஏழாயிரம் ரூபாயை நெருங்கியது. பாலிடெக்னிக் ஆய்வகத்தில் சால்டரிங் இரும்பைப் பிடித்தே பாதி ஆயுள் கழித்தவள் என்பதால் கூலி மிச்சம்.

திரையின் மேல்பாதியில் தேதி, கிழமை, தமிழ் மாதம், ராகு காலம், எமகண்டம். கீழ்ப்பாதியில் மூன்றே வரிகள்: இந்த மாதம் வாங்கிய பால் பாக்கெட், சிலிண்டர் மாற்றிய தேதி, கடைசியாக நல்ல தண்ணீர் வந்த நாள். சட்டத்தின் ஓரத்தில் மூன்று பொத்தான்கள் வைத்திருக்கிறேன். தண்ணீர் பிடித்ததும் ஒன்றை அழுத்தினால் அன்றைய தேதி ஏறிக்கொள்ளும். எங்கள் தெருவில் தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் என்பார்கள்; விட்ட நாள் எது என்பதில் வீட்டில் சண்டை வரும். அந்தச் சண்டை இப்போது இல்லை. ஏழாயிரத்தில் பாதி அதற்கே சரியாகிவிட்டது என்பேன். பழைய நாள்காட்டி பூஜையறைக்குப் போயிருக்கிறது. சூலம், சந்திராஷ்டமம், நல்ல நேரம் என்று அதில் இருக்கும் அத்தனையும் இந்தத் திரையில் அடங்காது, அத்தையும் விடமாட்டார்.

இந்தத் திரைக்குள் முடியின் தடிமனே உள்ள நுண்ணிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன; ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்புலம் கொடுத்தால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் இறங்கும். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் துகள்கள் வந்த இடத்திலேயே நிற்கும். எழுத்தை மாற்றத்தான் மின்சாரம் வேண்டும், காட்ட வேண்டாம். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வகத்திலிருந்து 1997இல் பிரிந்து வந்த இ இங்க் நிறுவனம் வளர்த்தெடுத்த இந்த நுட்பத்தால்தான் என் திரை ஒருமுறை சார்ஜ் செய்தால் மாதக்கணக்கில் ஓடுகிறது. சுவரில் ஒயர் இல்லை. இரவில் சமையலறை இருட்டாகவே இருக்கிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் போதாதென்று இன்னொரு வெளிச்சம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆறுதல். படிக்க விளக்கைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துதான் படுத்தியது. சிறு பலகைகளுக்கென்று கிடைக்கும் சாதாரண நிரல்களுக்கு எழுத்தைச் சேர்த்து வரையத் தெரியாது. ‘வெள்ளி’ என்று கொடுத்தால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ளகரத்தின் புள்ளி தலையில் உட்காராமல் தனியாக விலகிக் கிடக்கும். அத்தை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆகவே முழுப்பக்கத்தையும் வீட்டில் எப்போதும் ஓடும் ராஸ்பெரி பை கணினியில் படமாக வரைந்து, அந்தப் படத்தை மட்டும் வைஃபை வழியாகத் திரைக்கு அனுப்புகிறேன். இப்போது எழுத்து அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல அழகாக இருக்கிறது. தமிழில் செய்ய நினைப்பவர்கள் முதல் நாளே இந்த வழிக்கு வந்துவிடுவது நல்லது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மற்ற திரைகள் செத்தால் இருண்டுவிடும், நமக்குத் தெரியும். இது செத்தாலும் கடைசியாகக் காட்டியதையே காட்டிக்கொண்டு, உயிரோடு இருப்பதாகவே தோன்றும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு ரூட்டர் படுத்துவிட்டது. மறுநாள் அத்தை திரையைப் பார்த்தார்: ராகு காலம் 3 முதல் 4.30 வரை. அதற்குள் போய்விடலாம் என்று பன்னிரண்டரை மணிக்குத் தட்டில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் பெண் பார்த்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். புதன்கிழமை ராகு காலம் 12 முதல் 1.30. அந்த வீட்டுப் பாட்டி வாசலிலேயே சொல்லிவிட்டார். அன்று மாலை வந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு திரையின் மூலையில் கடைசியாகப் புதுப்பித்த நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். படம் வந்து சேராவிட்டால் பலகையே பக்கத்தின் குறுக்கே தடித்த கோடு ஒன்றை இழுத்துவிடும். மின்தாளை வீட்டில் எதற்குப் பயன்படுத்தினாலும் இந்த ஏற்பாடு இல்லாமல் மாட்டாதீர்கள்.

கடிகாரமாக இதை நினைக்கவே வேண்டாம். என் திரையின் கையேடு மூன்று நிமிடத்துக்குள் மறுபடி மாற்றாதே என்கிறது, 24 மணி நேரத்தில் ஒருமுறையாவது புதுப்பி என்றும் சொல்கிறது. மாறும்போதெல்லாம் பக்கம் முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகச் சிமிட்டும். அடுப்பில் முட்டைக்கு நேரம் பார்க்க ஆகாது. நாளுக்கு ஓரிரு முறை மாறும் செய்திக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. சிவப்பும் சேர்ந்த மூன்று நிறத் திரை பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் ஒரு பக்கம் மாற கால் நிமிடம் சிமிட்டும். பண்டிகை நாளைச் சிவப்பில் பார்க்க அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

படுக்கையறையில் ஷியோமியின் சிறு மின்தாள் வெப்பமானியும் இருக்கிறது. பொத்தான் பேட்டரியில் ஓடும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் எண் தெளிவாகத் தெரியும். வேறு சொல்ல ஒன்றுமில்லை, வாங்கலாம். கடைகளில் விலை காட்டும் சிறு மின்தாள் அட்டைகளை வாங்கி மளிகை டப்பாக்களில் ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மிளகாய்த்தூள் டப்பாவில் என்றைக்கும் மிளகாய்த்தூள்தான் இருக்கப்போகிறது; அதற்கு ஒட்டுத்தாள் போதும்.

மாட்டும்போது சட்டத்தில் கண்ணாடி போடாதீர்கள். ட்யூப்லைட் முழுதாக அதில் தெரியும். காகிதம் போன்ற அந்தத் தோற்றமே போய்விடும். கண்ணாடி இல்லாததால் தாளிக்கும் புகை படியாத தூரத்தில், நேர் வெயில் விழாத சுவரில் மாட்ட வேண்டும். திரையே மெல்லிய கண்ணாடிதான். அதிலிருந்து வரும் நாடா ஒயரை மடக்கினால் தொலைந்தது. எனக்கு முதலில் வந்த திரையில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. இணையத்தில் விற்றவர் நானே உடைத்ததாகச் சாதித்தார். பெட்டியைப் பிரித்தபோது எடுத்த வீடியோவை அனுப்பிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். நீங்களும் கத்தியை எடுக்கும் முன் கைப்பேசி கேமராவை ஓட விட்டுவிடுங்கள்.