ரேசிங் போல்ட் என்று காசு வாங்கினார்கள், உள்ளே இருந்தது வேறு

பழைய மாருதி எஸ்டீம் கார் வைத்திருக்கிறவர்கள், இன்ஜினைக் கொஞ்சம் ஏத்திக் கட்டலாம் என்று ஆசைப்படுகிறவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். கடைப் பேரை எழுதப் போவதில்லை, யாரும் ஊகிக்கவும் வேண்டாம். ஆளை விட அந்த வேலையைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னுடையது 2003 மாடல். 1298 சிசி, கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனசு வரவில்லை. இன்ஜினை இறக்கி ரிங், பேரிங் மாற்றி, ஹெட்டில் காற்றுப் பாதையைச் சீவிவிடும் போர்ட் வேலை பார்த்து, நல்ல எக்சாஸ்ட் ஒன்று மாட்டி, கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்கில் ஒரு நாள் விரட்டிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. மதுரை ரிங் ரோட்டை ஒட்டி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். இளவட்டப் பையன்கள், சுவரெல்லாம் ட்ராக் படம், பேச்சு வெண்ணெய்.

"அண்ணே, கம்பெனி ராட் போல்ட் தாங்காதுண்ணே. ஆறாயிரம் ஆர்பிஎம் தாண்டுச்சுன்னா புட்டுக்கிட்டு ராட் பிளாக்க உடைச்சுக்கிட்டு வெளிய வந்துரும். வெளிநாட்டு போல்ட் போட்டுருவோம்" என்றார் கடைத் தம்பி. ராட் என்றால் பிஸ்டனையும் கிராங்க் ஷாஃப்டையும் இணைக்கிற தண்டு. அதன் அடியில் கிராங்கைச் சுற்றிப் பிடிக்கிற பாதி மூடிதான் கேப், அதை ராடோடு இறுக்குவது இந்த போல்ட். ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு இன்ஜின் எத்தனை சுற்று என்ற கணக்கு. எட்டு போல்ட், பதினெட்டாயிரம். அளவெடுத்துச் சொல்லி வரவழைத்தாராம். பளபளப்பான பெட்டியைத் திறந்தும் காட்டினார். நான் பெட்டியை மட்டும் போட்டோ எடுத்தேன், போல்ட்டை எடுக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

வண்டி கைக்கு வந்தபோது உண்மையிலேயே நன்றாக இழுத்தது. ஆயிரத்தி எண்ணூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். கொடைக்கானலுக்குப் போகும் வழியில், வத்தலக்குண்டு தாண்டி, ஆக்சிலேட்டரை விடும்போது மட்டும் அடியில் டொக்கு டொக்கென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் ஆயில் லைட் மினுக்கியது. நல்லவேளை அங்கேயே ஆஃப் பண்ணிவிட்டேன். அங்கிருந்து மதுரைக்கு டோ வண்டிக் காசு தனி.

திரும்ப அதே கடைக்குப் போகவில்லை. தெற்குவாசல் பக்கம் ஒரு பெரியவர் லேத் வைத்திருக்கிறார், கிராங்க், ராட் வேலை மட்டும்தான். அவரிடம் கழற்றிக் கொடுத்தேன். மூணாவது ராட் பேரிங் ஓரத்தில் தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தது. போல்ட்டுகளை வரிசையாகப் பேப்பரில் வைத்தார். தலையில் 12.9 என்று பொறித்திருந்தது. ஹார்டுவேர் கடையில் நிறுத்துத் தருகிற சாதா போல்ட்.

"12.9 நல்ல ஸ்ட்ராங் போல்ட்தானேண்ணே?" என்று கேட்டேன். சிரித்தார்.

அந்த நம்பரின் அர்த்தம் இதுதான்: முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை, 1200 மெகாபாஸ்கல். பின்னால் உள்ள 9 என்றால் அதில் 90 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். சாதாரண 8.8 போல்ட்டுக்கு இதே கணக்கில் 800, அதில் 80 சதவீதம். பலத்தில் குறையே இல்லை. குறை உருவத்தில். குப்பையிலிருந்து ஒரு பழைய ராடை எடுத்து, அதன் கம்பெனி போல்ட்டைக் காட்டினார். நடுத்தண்டில் சுற்றிலும் பல் பல்லாக ஒரு தடிப்பு. ராடும் கேப்பும் சேருகிற இடத்தில் அந்தத் தடிப்புதான் இறுக்கமாக உட்கார்ந்து கேப்பை நகரவிடாமல் பிடிக்கிறது. என் ராடில் சாதா போல்ட்டைக் கைமுறுக்கில் மாட்டி, கேப்பை விரலால் தள்ளினார். லேசாக அசைந்தது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் இருப்பதே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு இடைவெளி. கேப் அந்த அளவு விலகினால் ஆயில் படலம் எங்கே நிற்கும்?

சரி, அசல் வெளிநாட்டு போல்ட்டே போட்டிருந்தால்? அதுவும் பாதி வேலைதானாம். புது வகை போல்ட் இறுக்கும்போது ராடின் பெரிய கண் வட்டம் மாறும். இறுக்கி, டயல் கேஜ் விட்டு அளந்து, தேவைப்பட்டால் கேப்பின் முகத்தைச் சீவி, திரும்ப ஹோன் பண்ண வேண்டும், அதாவது கண்ணின் உள்பக்கத்தைத் தேய்த்துச் சரியான வட்டமாக்க வேண்டும். போல்ட் விலையோடு இந்த லேத் கூலியையும் சேர்த்துச் சொல்லாத கடை, வேலை தெரியாத கடை அல்லது செய்யப் போகாத கடை.

வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டியைத் தேடி எடுத்தேன். "ஞாபகத்துக்கு வச்சுக்கங்கண்ணே" என்று கொடுத்துவிட்டிருந்தார்கள். ஏஆர்பி மாதிரி வெளிநாட்டு போல்ட் கம்பெனிகள் போல்ட்டோடு தங்கள் சொந்த மசகையும் சின்னப் பாக்கெட்டில் வைத்து, அந்த மசகுக்கென்று தனி டார்க் அளவும், அதாவது எவ்வளவு விசையில் முறுக்க வேண்டும் என்பதும், எழுதித் தருவார்கள். முறுக்குகிற விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடுவதால் மசகு மாறினால் இறுக்கம் மாறிவிடும். என் பெட்டியில் பாக்கெட் இருந்தது. ஓரம் கூடக் கிழிக்கவில்லை. ஒரே பெட்டியை எத்தனை பேருக்குக் காட்டினார்களோ.

பெரியவரிடம் கடைசியாக, "அப்ப கம்பெனி போல்ட்டே போதுமாண்ணே?" என்றேன். "எம்புட்டு ஆர்பிஎம் போகப் போறீய?" என்று திருப்பிக் கேட்டார். ராட் போல்ட்டைப் பிய்ப்பது பவர் இல்லை, வேகம். புகையை வெளியே தள்ளும் எக்சாஸ்ட் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறதே, மேலே எதிர்த்துத் தள்ள வாயு அழுத்தம் இல்லாத அந்த நொடியில்தான் போல்ட் மீது முழு இழுப்பும் விழுகிறது. அந்த இழுப்பு ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறும். 6000-லிருந்து 7500 போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, இழுப்பு 56 சதவீதம் கூடுகிறது. லிமிட்டை அப்படி உயர்த்துகிறவர்கள் நல்ல ராட் போல்ட்டுக்குச் செலவு பண்ணத்தான் வேண்டும். டர்போ வைக்கிறவர்களுக்குக் கவலை ஹெட் போல்ட், அது வேறு கதை. என்னை மாதிரி கம்பெனி லிமிட்டுக்குள்ளேயே ஓட்டுகிறவனுக்குப் புது ஒரிஜினல் போல்ட், சரியான டார்க், முடிந்தது. பழசைத் திரும்பப் போடக் கூடாது. அதிலும் இறுக்கும்போதே நீண்டு உட்காருகிற வகை போல்ட் ஒரு தடவைக்குத்தான்.

கடைக்காரரிடம் சண்டைக்கும் போய்ப் பார்த்தேன். "நீங்க ஓவரா ரேஸ் பண்ணிருக்கிய" என்றார். பில் என்று ஒரு வெள்ளைத் தாளில் "இன்ஜின் வேலை, 82,000" என்று ஒரே வரி, போல்ட் என்ற வார்த்தையே இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடலாம். போடப் போகிறேன். ஆனால் அந்த ஒற்றை வரி பில்லோடு போவது எனக்கே சங்கடமாக இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு பார்ட்டையும் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். ஆயில் பான் மூடுவதற்கு முன்னால் நேரில் போய் நின்று, ராட் போல்ட்டின் தலையை ஒவ்வொன்றாக போட்டோ எடுங்கள். பழைய எட்டையும் கையோடு கேட்டு வாங்குங்கள். டார்க் ரெஞ்ச் எங்கே என்று கேளுங்கள். என் வண்டியில் ஸ்பேனருக்குப் பைப் போட்டுத்தான் இழுத்தார்களாம், அங்கே வேலையை விட்டு நின்றுவிட்ட பையன் பிறகு சொன்னான்.

கிராங்கைக் கிரைண்டிங் பண்ணி, ராடுகளை ஹோன் பண்ணி, புது ஒரிஜினல் போல்ட் எட்டும் தெற்குவாசல் லேத்தில் காத்துக்கிடக்கின்றன. தேய்த்த கிராங்குக்கு ஏற்ற அண்டர்சைஸ் பேரிங் மட்டும் சென்னையிலிருந்து வர வேண்டும்.