ஆக்சிஜன் மெஷின், இன்வர்ட்டர், சிலிண்டர்: மூன்று வருட அனுபவம்

அப்பாவுக்கு சிஓபிடி, மூச்சுவிடச் சிரமப்படுத்தும் நாள்பட்ட நுரையீரல் நோய். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன், ராத்திரி முழுக்க, பகலிலும் பாதி நேரம். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் 5 லிட்டர் கான்சென்ட்ரேட்டர் மெஷின் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஃபில்டரை வாராவாரம் கழுவுகிறோம், அவ்வளவுதான். பாடாய்ப் படுத்தியது கரண்ட்.

முதலில் வீட்டிலிருந்த பழைய ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் மாட்டினோம். கம்ப்ரசர் உறுமியது, தொட்டால் சுட்டது. உடனே, வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும் சைன் வேவ் இன்வர்ட்டருக்கு மாறினோம். மெஷின் இழுப்பது 330 வாட். 150 ஏஎச் பேட்டரிக்குக் காகிதக் கணக்கில் ஐந்து மணி நேரம் வர வேண்டும். புதிதிலேயே வந்தது மூன்றரை. இப்போது இரண்டேகால்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியதும் ஷாக் அடிக்கும் என்று சப்ளையை நிறுத்திவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் அன்று மாலையே பேட்டரி தீர்ந்து மெஷின் பீப் போட ஆரம்பித்தது. ஸ்பேர் சிலிண்டரை உருட்டி வந்தால், திறக்கிற சாவியைக் காணோம்! அம்மா மெழுகுவர்த்தி ஏற்றப் போக, ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பா என்று பதறிப் பிடுங்கினேன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 84 சதவீதம், ரொம்பக் குறைவு. "பதறாதடா, நிதானமாத் தேடு" என்றார் அப்பா, உதட்டைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டபடியே. சாவி தையல் மெஷின் டிராயரில் கிடந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டர் வீதம் பன்னிரண்டரை மணி நேரம். ரெகுலேட்டர் வாஷர் கசிந்தால் அதுவும் வராது, சோப்புத் தண்ணீர் தடவி நுரைக்கிறதா என்று பார்க்க வேண்டும். விடிந்ததும் மெஷினோடு படகில் ஏறி, கரண்ட் இருந்த அத்தை வீட்டுக்குப் போனோம்.

என்னைக் கேட்டால், இன்வர்ட்டர் என்பது சிலிண்டரை மாட்டும்வரை தாக்குப்பிடிக்கத்தான். அதை நம்பிப் புயலைத் தாண்ட முடியாது. இப்போது இரண்டு சிலிண்டர், இரண்டின் கழுத்திலும் சாவி கயிற்றில் தொங்குகிறது. ரெட் அலர்ட் என்றால் முதல் நாளே அத்தை வீடு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்துச் சோதிக்கிறோம், அப்பாதான் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் காலண்டரில் குறிப்பார். போன மாதம் இரண்டு மணி பத்து நிமிடம். மழைக்கு முன்னால் பேட்டரியை மாற்றியாக வேண்டும்.