டவுன் கடை மாடில எடுக்கிற 'உணவு அலர்ஜி டெஸ்ட்' எப்படி?

சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு கடை மாடில உணவு அலர்ஜி டெஸ்ட் எடுக்கிறாங்களே, போகலாமான்னு ஆளாளுக்கு கேக்கறீங்க, அதான் எழுதறேன். பேரு போடல. என்னைக் கேட்டா வேணாம் லா.

எங்க அண்ணியும் அவங்க பையனும் எடுத்தாங்க, ஆளுக்கு 600 வெள்ளிக்கு மேல, நான் கூட போனேன். ஏசி, சோபா, கவுண்டர் பொண்ணு நல்ல மரியாதை, அதெல்லாம் குறையே இல்ல. விரல்ல ஒரு குத்து, ரெண்டு சொட்டு ரத்தம், முடிஞ்சது. என்ன சாப்பிட்டா என்ன பண்ணுது, எவ்ளோ நேரத்துல பண்ணுதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. முதல்ல கேக்க வேண்டியதே அதுதானே.

ஏன்னா இவங்க ரெண்டு பேர் பிரச்சனையும் வேற வேற. அண்ணிக்கு தே தாரிக் ரெண்டு கிளாஸ் போனா வயிறு உப்பிக்கும், அப்புறம் பாத்ரூம் ஓட்டம்தான், ஆனா கொஞ்சமா குடிச்சா ஒண்ணும் பண்ணாது, தயிரும் ஒத்துக்கும். இது அலர்ஜியே இல்ல. பால்ல இருக்கிற லாக்டோஸ் சர்க்கரைய உடைக்கிற லாக்டேஸ் என்சைம் குடல்ல கம்மி, நம்ம ஆசியாக்காரங்க பெரியவங்கள்ல நிறைய பேருக்கு அப்படித்தான். அவஸ்தைதான், ஆனா உயிருக்கு ஒண்ணும் ஆகாது.

பையனுக்கு அப்படி இல்ல. ஊடாங் ஒரு துண்டு போதும், பத்து நிமிஷத்துல உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா எழும்பிடும். உடம்போட எதிர்ப்பு சக்தி இறால் புரதத்த எதிரின்னு நெனச்சு ஐஜிஇ ஆன்டிபாடி செஞ்சு வச்சிருக்கு, வாயில பட்டதும் வீக்கம், அரிப்பு உண்டாக்கற ஹிஸ்டமின் கொட்டுது, நல்லா வேக வச்சாலும் அந்த புரதம் போகாது. மூச்சு திணறி பிரஷர் இறங்குற அளவுக்கும் போகலாம், அப்ப அட்ரினலின் ஊசிதான் மருந்து, உடனே 999 அடிக்கணும், அரிப்பு மாத்திரைய குடுத்துட்டு உக்காந்திருக்கக் கூடாது. பெலாச்சானும் குட்டி இறால்தானே, அதனால நாசி லெமாக் வாங்கினா சம்பல் வேணாம்னு சொல்லணும், மீ கோரேங்குக்கு குவாலிய நல்லா கழுவிட்டு போடுங்கன்னு சொல்லணும், அப்ப கடைக்காரர் மூஞ்ச பாக்கணுமே!

சரி, ரிப்போர்ட்டுக்கு வரேன். கலர் கலரா பல பக்கம். பையன் தாள்ல அரிசி, முட்டை, கோழி, தேங்கா எல்லாம் சிவப்பு, இறால் மட்டும் பச்சை! பச்சைன்னா தாராளமா சாப்பிடலாமாம். அண்ணி அந்த வரி மேல விரல வச்சு திரும்பத் திரும்ப படிக்கறாங்க. கீழ சின்ன எழுத்துல பாத்தா 'ஐஜிஜி'ன்னு போட்டிருக்கு. அது வேற ஆன்டிபாடி, முன்ன சொன்ன ஐஜிஇ இல்ல. நாம அடிக்கடி சாப்பிடறதுக்கு உடம்பு சாதாரணமாவே ஐஜிஜி உண்டாக்கும், தினம் சோறும் முட்டையும் தின்னா அதுதான் சிவப்பா வரும், இறால இவன் தொட்டே வருஷக்கணக்காச்சு, அது எப்படி வரும்? உணவு அலர்ஜி கண்டுபிடிக்க இந்த ஐஜிஜி டெஸ்ட் எடுக்காதீங்கன்னு ஐரோப்பா, அமெரிக்கா அலர்ஜி டாக்டர் சங்கங்களே சொல்லிட்டாங்க. சிவப்பு எல்லாத்தையும் நிறுத்தினா வளர்ற பையன் காத்தையா சாப்பிடுவான்?

அப்புறம் அரசாங்க கிளினிக்ல 1 வெள்ளி கட்டி காட்டி, லெட்டர் வாங்கிட்டு ஈப்போல ஸ்பெஷலிஸ்ட்ட பாத்தோம். ரொம்ப நாள் காத்திருக்கணும், அத மறைக்கல. ஆனா அந்த டாக்டர் முதல்ல கேள்வியாதான் கேட்டாரு, ஊடாங் தின்னதுலேர்ந்து எத்தன நிமிஷம், கூட சாப்பிட்டவங்களுக்கும் வந்துச்சான்னு. ஐஸ்ல வைக்காத தொங்கோல் மீன்ல ஹிஸ்டமின் சேந்து போயிருக்கும், அத தின்னாலும் மொகம் செவந்து அரிக்குமாம், அது மீன் கெட்டதால வர்றது, அலர்ஜி இல்லையாம். அப்புறம் முன்கைல இறால் சாறு ஒரு சொட்டு விட்டு லேசா குத்தினாரு, கால் மணி நேரத்துல கொசு கடிச்ச மாதிரி வீங்கிச்சு. வீக்கத்த மட்டும் வச்சு முடிவு பண்ண மாட்டாங்க, சாப்பிட்டா என்ன ஆகுதுங்கறதோட சேத்துதான். போறவங்க அரிப்பு மாத்திரைய எத்தன நாளைக்கு முந்தி நிறுத்தணும்னு கேட்டுக்குங்க, இல்லாட்டி டெஸ்ட் சரியா காட்டாது.

மாடிக் கடைல காச திருப்பிக் கேட்டோம், ரிப்போர்ட் பிரிண்ட் எடுத்தாச்சு, தர முடியாதுன்னாங்க. வேணும்னா அவங்க விக்கிற வைட்டமின் போத்தலுக்கு 50 வெள்ளி கழிச்சு தராங்களாம். அண்ணி வாங்கல.