தோல் துண்டைத் தொங்கவிட்டு விற்ற ‘அசல் லெதர்’ பை: திருகோணமலையில் கைப்பை வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த செப்டெம்பர் 10 ஆம் திகதி, திருகோணமலைக் கடைத்தெருவில் 18,500 ரூபா கொடுத்து ஒரு கைப்பை வாங்கினேன். மாட்டுத்தோலில் செய்தது, ஐந்து வருடத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லித்தான் அதை எனக்கு விற்றார்கள். ஒன்பதாவது கிழமையில் அதன் தோள்வார் உரியத் தொடங்கியது. பத்தாவது கிழமையில் கொக்கி உடைந்து பை பஸ்ஸுக்குள் விழுந்தது. அந்தப் பையில் விரற்கடை அளவு தோல்கூட இல்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் ஏமாந்த விதத்தை ஒன்றும் விடாமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதே மாதிரியான பைகள் அதே மாதிரியான துண்டுகளுடன் வேறு கடைகளிலும் தொங்குவதைப் பின்னர் நானே பார்த்தேன்.

நான் உப்புவெளியிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கிண்ணியாப் பக்கத்துப் பாடசாலை ஒன்றுக்குப் போய்வரும் ஆசிரியை. ஏழு வருடம் உழைத்த கன்வஸ் பையின் சிப் பூட்டாமல் போனபோது, இனி வாங்குவது கடைசிப் பையாக இருக்கட்டும் என்று எண்ணி, என்ன வேண்டும் என்பதை முதலில் கணக்குப் பார்த்தேன். சாப்பாட்டுப் பெட்டி, 750 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல், மடக்குக் குடை, மூக்குக்கண்ணாடி, பணப்பை, கைபேசி, அம்மாவின் கிளினிக் கொப்பி, ஒரு ஏ4 கோப்பு ஆகியவற்றை மேசையில் பரப்பி, பிறகு சமையலறைத் தராசில் வைத்து நிறுத்தபோது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேலே காட்டியது. ஏ4 தாளின் நீளம் 29.7 சென்றிமீற்றர் என்பதால், கோப்பு மடங்காமல் நுழைவதற்குப் பையின் உள்ளகலம் 32 சென்றிமீற்றராவது இருக்கவேண்டும். வெறும் பையே ஒரு கிலோ இருந்தால் மாலையில் தோள் தாங்காது. மேல்வாய் முழுவதும் சிப்பால் பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும், நெரிசலான பஸ்ஸில் வாய்திறந்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க முடியாது. உட்துணி வெளிர்நிறமாக இருந்தால் நல்லது, ஏனென்றால் கறுப்பு உட்துணிக்குள் விழுந்த சாவியை அந்திப் பொழுதில் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவதி தெரியும். இவ்வளவையும் அளந்து எழுதிக்கொண்டு போன நான், அது எந்தப் பொருளால் ஆனது என்ற ஒன்றை மட்டும் விற்பவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிட்டேன்.

கடையில் என் அளவுகளுக்கு ஏறத்தாழப் பொருந்திய கறுப்புப் பை ஒன்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தது. அதன் கைப்பிடியில், விரித்த மாட்டுத்தோலின் உருவில் வெட்டிய சிறிய பழுப்பு நிறத் துண்டு ஒன்று நூலில் கட்டித் தொங்கியது. அதன் மேல் ‘அசல் லெதர்’ என்று பொருள்படும் ஆங்கில எழுத்துகள் பதிக்கப்பட்டிருந்தன. கடையில் நின்ற இளைஞர் அந்தத் துண்டை என் மூக்கருகே கொண்டுவந்து, “மணத்தைப் பாருங்கோ மிஸ், ஒரிஜினல் மாட்டுத்தோல்” என்றார். மணம் உண்மையாகவே தோல் மணம்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்து, சுடரைப் பையின் பக்கவாட்டில் ஒரு கணம் ஓடவிட்டு, “பாருங்கோ, எரியவே இல்லை, ரெக்சின் எண்டால் இப்ப உருகியிருக்கும்” என்றார். எனக்கு அதற்குமேல் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. பணத்தைக் கொடுத்துப் பற்றுச்சீட்டை வாங்கி, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே மடித்து வைத்துக்கொண்டேன்.

இந்த இரண்டு வித்தைகளைப் பற்றியும் நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும். தொங்கிய துண்டு உண்மையான தோல். பைதான் தோல் இல்லை. மூக்குக்கும் விரலுக்கும் கிடைப்பது துண்டின் சாட்சி, பணம் கொடுப்பதோ பைக்கு. லைட்டரைப் பொறுத்தவரை, ஓடிப்போகும் சுடர் அரைக்கணம் பட்டால் செயற்கைப் பூச்சும் உடனே பற்றிக்கொள்வதில்லை. அதைப் பற்றவைக்கும் அளவுக்குச் சுடரை ஓரிடத்தில் பிடித்து வைத்திருக்க எந்தக் கடைக்காரரும் துணியமாட்டார். ஆகவே அந்தச் சோதனையால் எதுவும் நிரூபணமாவதில்லை, பார்ப்பவரின் வாய் மட்டும் அடைபடுகிறது.

நவம்பரில் வாடைமழை பிடித்தது. ஒரு நாள் முதலாம் பாடவேளையில் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பியபோது, முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி, “மிஸ், சேலையில கறுப்பு” என்று மெல்லச் சொன்னாள். வெளிர்நீலச் சேலையின் தோள்மடிப்பில் எள்ளைத் தூவியதுபோலச் செதில்கள் ஒட்டியிருந்தன. தட்டிவிட்டால் விழாமல் விரலில் ஒட்டிக்கொண்டன. ஓய்வறையில் பையைத் திருப்பிப் பார்த்தேன். தோள்வார் தோளில் வளைந்து அமரும் இடத்தில் மேற்பூச்சு வெடித்து, அதன் அடியில் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி தெரிந்தது. அடிமூலைகள் இரண்டிலும் அதே கதை. பொன்னிறமாக மின்னிய வளையங்கள் கை படும் பக்கத்தில் சாம்பல் நிறமாகியிருந்தன. அடுத்த கிழமை கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் பஸ் வேகத்தைக் குறைத்தபோது, வாரைப் பையோடு பிணைக்கும் கொக்கி இரண்டாக முறிந்து பை தரையில் விழுந்தது. அம்மாவின் கிளினிக் கொப்பி சேற்றில் நனைந்தது. பக்கத்தில் இருந்த தாய் ஒருவர் தன் முந்தானையால் அதன் பக்கங்களைத் துடைத்துத் தந்தார். அவருக்கு அன்று நான் சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

முறிந்த கொக்கியை மாற்றலாம் என்று எண்ணி, நகரத்தில் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் பையைக் கொண்டுபோனேன். அவர் கொக்கியைப் பார்ப்பதற்கு முன்னரே வாரின் உரிந்த ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். பையின் உள்ளே, உட்துணி சேரும் தையலை இரண்டு விரல் நீளத்துக்குப் பிரித்து, மடிந்திருந்த வெட்டுமுனையை வெளிச்சத்தில் பிடித்தார். “மகள், தோலை வெட்டினால் முனை முழுக்க நாராய், பஞ்சு மாதிரி இருக்கும். இது பாருங்கோ, கீழே துணி, மேலே பூச்சு, இடையில கோடு விழுந்திருக்கு. இதில தோல் இல்லை” என்றார். பிறகு தன் பெட்டிக்குள் இருந்த செருப்புத்தோல் துண்டு ஒன்றை எடுத்து அதன் வெட்டுமுனையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரே நார்க்கற்றை, எந்தக் கோடும் இல்லை. இரண்டையும் ஒருசேரப் பார்த்த எவருக்கும் இனி ஐயமே வராது. அந்தக் கொக்கியும் இரும்போ பித்தளையோ இல்லை, நாகக் கலப்புலோகத்தை வார்த்து மேலே பொன்முலாம் பூசியது என்று அவர் முறிவைக் காட்டிச் சொன்னார். கடற்காற்று அடிக்கும் ஊரில் முலாம் விரைவில் போய்விடும் என்பது எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டைப் பார்த்தே நான் அறிந்ததுதான்.

இரண்டே மாதத்தில் ஏன் உரிந்தது என்பதற்கு எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியை விளக்கம் சொன்னார். இன்று ‘பீயூ லெதர்’ என்று விற்பது துணியின் மேல் பொலியூரிதேன் பூசிய பொருள். அந்தப் பூச்சைக் காற்றிலுள்ள ஈரமே காலப்போக்கில் பிளக்கிறது, இதைத்தான் நாம் வகுப்பில் நீர்ப்பகுப்பு என்று படிப்பிக்கிறோம். வெப்பமும் ஈரமும் கூடினால் அது விரைவுபடும். பையைத் தோளில் போட்டால்தான் அது நடக்கும் என்றில்லை, களஞ்சியத்தில் பொலித்தீன் உறைக்குள் கிடந்தாலும் நடந்துகொண்டேயிருக்கும். பல வருடம் தேங்கிய சரக்கு கடைக்கு வந்து ‘புதுப் பை’ ஆகும்போது, அதன் ஆயுளில் பெரும்பகுதி ஏற்கெனவே போயிருக்கும். வருடம் முழுவதும் காற்றில் ஈரம் நிற்கும் நம்மூரில் இதை வாங்குவோர் முதலில் கேட்கவேண்டியது பையின் வயதைத்தான். பீயூ பை விற்பதே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை. மூவாயிரம் ரூபாவுக்கு அதை அதன் பெயரைச் சொல்லி விற்றிருந்தால் எனக்கு எந்த மனத்தாங்கலும் இருந்திருக்காது.

கடைக்குத் திரும்பிப் போனபோது முதலில் கிடைத்த பதில், “மழையில நனைச்சால் லெதரும் உரியும் மிஸ்” என்பது. நனைந்த தோல் கறைபடலாம், விறைக்கலாம், பூஞ்சணம் பிடிக்கலாம். அதற்காக அதன் அடியில் நெய்த துணி முளைத்துவிடாது. நான் வெட்டுமுனையைக் காட்டியதும் பேச்சு மாறியது: முதலாளி கொழும்புக்குப் போயிருக்கிறார், அடுத்த கிழமை வாருங்கோ என்றார்கள். அடுத்த கிழமை போனேன், சரக்குத் தந்தவரிடம் கேட்டிருக்கிறோம் என்றார்கள். மூன்றாம் முறை தொலைபேசியில், மாதக் கடைசியில் மாற்றித் தருகிறோம் என்றார்கள். குரலில் மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை, அதனால்தான் நானும் பொறுத்திருந்தேன். பற்றுச்சீட்டைக் கேட்டபோது எடுத்துக் கொடுத்தேன். அப்போதுதான் அதில் இருந்ததை நானே முதன்முறையாக வாசித்தேன். ‘லேடீஸ் பாக் 1 — 18,500’. லெதர் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஐந்து வருட உத்தரவாதமும் இல்லை.

அந்தப் பொறுமையால் நான் எதை இழக்கப் பார்த்தேன் என்பதை, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) வேலை செய்யும் என் மச்சாள் சொல்லித்தான் அறிந்தேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளின் தரத்தைப் பற்றியோ உத்தரவாதம் மீறப்பட்டதைப் பற்றியோ செய்யும் முறைப்பாட்டை, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். செப்டெம்பர் 10 இல் வாங்கிய எனக்கு டிசம்பர் 10 ஓடு வாசல் அடைபட்டுவிடும். ‘அடுத்த கிழமை’களுக்குப் பின்னால் அந்தக் கணக்கு இருந்ததா என்பதை நான் தீர்ப்பாகச் சொல்ல முடியாது, ஆனால் மூன்று கிழமைகள் அப்படித்தான் கரைந்தன. டிசம்பர் 4 ஆம் திகதி அரைநாள் லீவு எடுத்து, பற்றுச்சீட்டின் பிரதி, உரிந்த இடங்களின் படங்கள், கடைக்குப் போன திகதிகள் ஆகியவற்றுடன் அந்த அதிகார சபையிடம் முறைப்பாட்டைக் கையளித்தேன். ஒரு பொருளின் தரத்தையோ சேர்மானத்தையோ பொய்யாகச் சொல்லி விற்பதை அதே சட்டம் தடைசெய்கிறது, விசாரணையின் பின் இழப்பீடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். எனக்கு இப்போதுள்ள பெரிய குறை, ‘லெதர்’ என்று சொன்னதற்கு என் காதைத் தவிர வேறு சாட்சி இல்லாததுதான். பையில் தொங்கிய அந்தத் தோல் துண்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது மட்டும் ஓரளவு உதவுகிறது.

ஆகவே தோல் என்று சொல்லி விலை கேட்டால், தொங்கும் துண்டை விட்டுவிட்டுப் பையின் உட்பையைத் திறந்து, தையலுக்குள் மடிந்திருக்கும் வெட்டுமுனையைக் காட்டச் சொல்லுங்கள். முனை பிளாஸ்ரிக் பூச்சால் முற்றாக மூடியிருந்து, எங்குமே பார்க்க முடியாவிட்டால், அதைத் தோல் விலைக்கு வாங்கவேண்டாம். ‘ஜெனுயின் லெதர்’ என்ற முத்திரையும் போதாது. தோல் தூளைப் பசையோடு அழுத்திச் செய்த தாளின்மேலும் லெதர் என்ற சொல்லை அச்சடிக்கிறார்கள், அதுவும் செதில் செதிலாக உரியும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பற்றுச்சீட்டில் ‘மாட்டுத்தோல் பை’ என்றும் உத்தரவாதக் காலம் இவ்வளவு என்றும் கடைக்காரரின் கையாலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். உண்மையாகவே தோல் விற்பவருக்கு அந்த இரண்டு சொல்லை எழுதுவதில் எந்தத் தயக்கமும் இருக்காது. அண்மையில் வேறொரு கடையில் நான் இதைப் பரீட்சித்துப் பார்த்தேன். ‘லெதர்’ என்று வாய்நிறையச் சொன்னவர், எழுதக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அது லெதர் மாதிரி, மிஸ்” என்றார்.

சப்பாத்துத் தைக்கும் ஐயா என் பழைய கன்வஸ் பையையும் பார்த்தார். பற்கள் தேயவில்லை, சிப்பின் இழுவை மட்டும் வாய் அகன்றுவிட்டது என்று சொல்லி, வேறொன்றை மாட்டி 250 ரூபா வாங்கினார். இப்போது அதைத்தான் பாடசாலைக்குக் கொண்டுபோகிறேன். கறுப்புப் பை பொலித்தீனில் சுற்றி, தோல் துண்டோடு அலுமாரியின் மேல் விசாரணைக்காகக் காத்திருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு துண்டு தொங்கும் பை அண்மையில் வந்திருந்தால், அதன் அடிமூலையையும் வாரின் வளைவையும் இன்றே பாருங்கள், பற்றுச்சீட்டின் திகதியிலிருந்து மூன்று மாதம் எந்த நாளில் முடிகிறது என்பதை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.