லாங் பீச் மீன்பிடிக் கண்காட்சியில் கயாக் சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு

துடுப்புப் போட்டோ பெடல் மிதித்தோ ஓட்டுகிற ஒல்லிச் சிறுபடகான கயாக்கில் போய் மீன் பிடிக்கிறவர்களுக்கு ஃப்ரெட் ஹால் ஷோ தேறுமா என்று கேட்டால், தேறும், ஆனால் கயாக் வாங்குகிற எண்ணத்தோடு போகாதீர்கள் என்பேன். மார்ச் மாதம் லாங் பீச் கன்வென்ஷன் சென்டரில் நடக்கிற இந்தக் கண்காட்சிக்கு தெற்கு கலிஃபோர்னியாவில் தூண்டில் பிடிக்கிற கூட்டம் பாதி வந்துவிடும். சான் டியேகோவிலிருந்து மெக்சிகோ கடலுக்குப் பல நாள் பயணம் போகிற பெரிய படகுக்காரர்கள், மெக்சிகோவின் பாஹா பக்கத்து விடுதிக்காரர்கள், ராட் என்கிற தூண்டில் கோல், ரீல், லூர் என்கிற பொய் இரை செய்கிற கம்பெனிகள் எல்லாம்தான் இங்கே முக்கிய ஆட்கள். கயாக்குக்குக் கிடைப்பது கொஞ்சம் இடம்தான், அதனால் வாசலில் தரும் வரைபடத்தை வாங்கி நேராக அந்தப் பக்கம் போய்விடுங்கள், லூர் கடைகளில் நுழைந்தால் அரை நாள் போனதே தெரியாது. ஜூலையில் ஆர்லாண்டோவில் நடக்கிற ஐகாஸ்ட் வேறு ரகம். அது அமெரிக்கன் ஸ்போர்ட்ஃபிஷிங் அசோசியேஷன் தொழிலில் இருப்பவர்களுக்காக நடத்துவது, டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைகிற நமக்கு அங்கே வழி கிடையாது. அங்கே அறிமுகமாகிற புதுச் சரக்கை நாம் கையால் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் அடுத்த மார்ச்சில் இந்த மாதிரி இடத்தில்தான்.

அந்தத் தொட்டுப் பார்க்கிற வசதிக்குத்தான் நான் நுழைவுக் கட்டணம் கொடுக்கிறேன். ஹோபி, ஓல்ட் டவுன் என்கிற இரண்டு கம்பெனிகளின் கயாக்குகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, ஒன்றிலிருந்து எழுந்து மற்றதில் உட்கார்ந்து பார்க்கிற வாய்ப்பு ஊரில் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைத்ததில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்காருங்கள். வெட்கப்படாமல் கால் மணி நேரம் உட்காருங்கள், ஏனென்றால் முதல் இரண்டு நிமிஷம் எல்லா சீட்டும் சுகமாகத்தான் இருக்கும், இடுப்பு பேச ஆரம்பிப்பது அதற்கப்புறம்தான். பெடலை உங்கள் கால் நீளத்துக்குச் சரி பண்ணித் தரச் சொல்லுங்கள். பின்னால் திரும்பித் தூண்டில் கோலை எடுக்கிற மாதிரி ஒருமுறை செய்து பாருங்கள், கை எட்டுகிறதா, முதுகு இழுக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். நின்று பார்ப்பதில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள், கார்ப்பெட் மேல் எந்தக் கயாக்கும் ஆடாது.

ஹோபியின் பெடல் அமைப்பான மிராஜ் டிரைவ் 1997-ல் வந்தது. அடியில் இரண்டு துடுப்புத் தகடுகள் பக்கவாட்டில் அசையும், கால் முன்னும் பின்னும் மிதிக்கும். ஓல்ட் டவுனின் பிடிஎல் சைக்கிள் மாதிரி சுற்றுவது, அடியில் ப்ரொப்பெல்லர். பின்னோக்கி மிதித்தால் உடனே பின்னால் போகும், பாறை ஓரத்தில் மீன் கடித்து இழுக்கும்போது அது பெரிய வசதி. ஹோபியும் இப்போது பின்னால் போகும், அதற்கு ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். இதையெல்லாம் விற்கிறவரே விளக்கிவிடுவார். அவர் விளக்காதது நம் கரையோரக் கெல்ப். லா ஹோயா பக்கமோ பாலோஸ் வெர்டெஸ் பக்கமோ அந்தக் கடற்பாசிக் காட்டுக்குள் போனால் ப்ரொப்பெல்லரில் அது சுற்றிக்கொள்ளும், தூக்கிப் பிரித்துவிட்டுத்தான் நகர முடியும். தகடுகளை அடியோடு ஒட்டி மடித்துக்கொண்டால் மேலே வழுக்கிப் போய்விடலாம். அதனால் இந்தக் கடலுக்கு என் ஓட்டு தகட்டுக்குத்தான், ஏரியில் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், அது அவர்கள் நியாயம்.

எடையைப் பற்றி யாரும் தானாக வாயைத் திறக்க மாட்டார்கள். ஹோபி ப்ரோ ஆங்லர் 14 என்பது எல்லாம் மாட்டிய பிறகு 60 கிலோவைத் தாண்டிவிடும். ஸ்டாலில் ஒரு முனையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள், தூக்கியும் விடுவீர்கள், ஆனால் ஒரு முனை என்பது பாதி எடைதான். தனியாகக் கார் கூரையில் ஏற்றுகிறவராக இருந்தால் சிறியதையோ, பெடலே இல்லாத சாதாரணக் கயாக்கையோ பாருங்கள். உட்காருகிற இடத்தில் தேங்கும் தண்ணீர் ஓட்டை வழியாகத் தானே வடிந்துவிடுகிற, நம் கட்டுமரம் மாதிரி மேலே உட்கார்ந்து போகிற, அந்தப் பழைய ரகத்தை இந்தப் பெடல் மோகத்தில் ஸ்டால்காரர்கள் ஓரமாகச் சாத்தி வைத்திருக்கிறார்கள். பாவம்.

மோட்டார் வைத்தவை தனிக் கதை. ஓல்ட் டவுனும் மோட்டார் செய்கிற மின் கோட்டாவும் ஜான்சன் அவுட்டோர்ஸ் என்கிற ஒரே முதலாளியின் கம்பெனிகள். அதனால்தான் ஓல்ட் டவுனின் ஆட்டோபைலட் கயாக்கில் மின் கோட்டா மோட்டார் உடம்போடு சேர்ந்தே வருகிறது, பொத்தானை அழுத்தினால் ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் நிற்கும். அருமையான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் மின்சார மோட்டார் மாட்டினாலே கயாக்கை வாகனப் பதிவுத் துறையான டிஎம்வி-யில் பதிவு செய்து பக்கவாட்டில் எண் ஒட்ட வேண்டும், அதை எந்த விலைப் பலகையிலும் எழுதி நான் பார்க்கவில்லை. நான் கேட்ட ஒரு ஸ்டாலில் "அதெல்லாம் தேவையில்லை" என்றே சொன்னார்கள். தேவை.

சரி, விலை. கண்காட்சி என்றால் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். பெரிய பிராண்டுகள் பலவற்றில் டீலர் இவ்வளவுக்குக் கீழே விளம்பரப்படுத்தக் கூடாது என்று கம்பெனியே கோடு போட்டிருக்கும், அதனால் பலகையில் எழுதியிருக்கும் எண் கடையிலும் இங்கேயும் ஒன்றாகவே இருக்கும். பேரம் நடப்பது அதற்குப் பக்கத்தில். கயாக்கைக் கரையில் தள்ளிப் போகிற வண்டி, லைஃப் ஜாக்கெட், ராட் ஹோல்டர் என்று கூட எதையாவது சேர்த்துத் தருவார்கள், கேட்டால்தான் தருவார்கள். "இலவசம்" என்று அவர்கள் எடுத்துத் தருகிற லைஃப் ஜாக்கெட்டை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், அந்தத் தொகையை நீங்கள் தேர்ந்தெடுக்கிற ஜாக்கெட்டில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி நாள் ஞாயிறு மதியத்துக்கு மேல் ஆட்கள் இறங்கி வருவார்கள், காட்சிக்கு வைத்ததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவதில் அவர்களுக்கு விருப்பமில்லை. லாங் பீச்சில் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல், அது பில் போடும்போதுதான் வந்து நிற்கும், மனக்கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

நான் இங்கே காசு போடச் சொல்வது முதலில் லைஃப் ஜாக்கெட்டில். இதை நெட்டில் வாங்குவது சுத்த மடத்தனம். கயாக் சீட்டில் முதுகு சாய்கிற இடம் உயரமாக இருக்கும், சாதாரண ஜாக்கெட்டின் பின்பக்க ஃபோம் அதில் இடித்து மொத்த ஜாக்கெட்டும் காது வரை ஏறிவிடும். அதற்காகத்தான் பின்னால் ஃபோம் மேலே மட்டும் இருக்கிற, கீழே வலை மட்டும் உள்ள ஜாக்கெட் இருக்கிறது. ஒன்றை மாட்டிக்கொண்டு, அதோடு போய் நீங்கள் பார்த்து வைத்த கயாக்கில் உட்காருங்கள், கையைச் சுழற்றித் துடுப்புப் போடுகிற மாதிரி செய்யுங்கள், தோள்பட்டை வாரை ஒருவரைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். முகவாயைத் தாண்டினால் அது உங்களுக்கு இல்லை. காற்று நிரம்புகிற ரகம் மெல்லியதாக அழகாக இருக்கிறது என்று பலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீர் பட்டதும் தானாக ஊதுகிற வகை கயாக்குக்குச் சரிவராது, அலை உடைகிற இடத்தில் ஏறும்போதே ஊதிவிடும். கயிற்றை இழுத்தால் ஊதுகிற வகை என்றால், பலவும் போட்டிருந்தால் மட்டுமே கணக்கில் வரும், அப்படிப்பட்டதை மடித்துப் பின்னால் வைத்திருந்தால் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டு அதை லைஃப் ஜாக்கெட்டாகவே எடுத்துக்கொள்ளாது.

அடுத்தது கடலில் உதவி கேட்கிற விஎச்எஃப் கை ரேடியோ. செல்ஃபோன் இருக்கிறதே என்பார்கள், ஈரக் கையோடு தண்ணீரில் மிதந்துகொண்டு திரையைத் தேய்த்துப் பாருங்கள். ஸ்டாண்டர்ட் ஹொரைசன் எச்எக்ஸ் 890 மிதக்கும், 6 வாட், உள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது, சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உங்கள் இடத்தோடு ஆபத்துச் செய்தி போகும். அதற்கு எம்எம்எஸ்ஐ என்கிற ரேடியோ அடையாள எண் பதிவு செய்திருக்க வேண்டும், படகுக்காரர்கள் சங்கமான போட்யுஎஸ் தளத்தில் செய்யலாம். ஸ்டாலில் கையில் பிடித்து, கையுறையோடு பொத்தான் அழுத்த வருகிறதா என்று பாருங்கள், ஆபத்து அழைப்புக்கான 16-ஆம் சேனலுக்கு ஒரே அழுத்தில் போகிறதா என்றும் பாருங்கள்.

துடுப்பு: பெடல் இருந்தாலும் வேண்டும், பெடல் உடைகிற நாளில் வீடு வந்து சேர்க்கிறது அதுதான். அகலமான, உயர சீட் கயாக்குக்கு 240-லிருந்து 260 செ.மீ. வரை பார்க்க வேண்டும், குட்டையானதை வாங்கினால் ஒவ்வொரு வீச்சிலும் கை கயாக்கின் பக்கவாட்டில் இடிக்கும். பெண்டிங் பிராஞ்சஸ் ஆங்லர் துடுப்பில் தகட்டு ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கிறது, பாறையிலோ கெல்ப்பிலோ மாட்டிய தூண்டிலை எடுக்க, கேலியாகத் தெரிந்தாலும் உதவும். அலுமினியத்தையும் கார்பனையும் மாற்றி மாற்றிக் கையில் வைத்துப் பார்த்த பிறகு அலுமினியத்தைத் திரும்ப எடுக்க மனசு வராது, அது பர்ஸுக்கு ஆபத்தான பரிசோதனை.

ராட் ஹோல்டர், சாமான் மாட்டுகிற ட்ராக், கொக்கி, கிளிப் வகையறாவில் யாக்அட்டாக், ஸ்காட்டி, ராம் மூன்றும் பார்க்கக் கிடைத்தால் பாருங்கள், தரத்தில் குறை சொல்ல முடியாது, விலையில் சொல்லலாம். இந்தச் சின்னச் சாமான்களில்தான் காசு கரையும். ட்ராக்கில் பொருந்துகிற அடிப்பாகம் ஒவ்வொரு கம்பெனிக்கும் கொஞ்சம் மாறும், உங்கள் கயாக்கின் ட்ராக்கைப் போட்டோ எடுத்து அளவோடு போனில் வைத்துக்கொண்டு போங்கள். பெயரே இல்லாத ஒரு ஸ்டாலில் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்ற போல்ட்டுகள் என் கயாக்கில் ஒரே கோடையில் பழுப்பாகிவிட்டன. உப்புத் தண்ணீருக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் என்று பாக்கெட்டில் எழுதியிருந்தால் மட்டும் எடுங்கள்.

தண்ணீருக்கடியில் மீனைத் திரையில் காட்டுகிற ஃபிஷ் ஃபைண்டரை அங்கே வாங்க வேண்டிய அவசியமே இல்லை. காட்சிக்கு ஓடுவது பதிவு செய்து வைத்த படம், கடலடியில் மீன் கூட்டம் அவ்வளவு அழகாக எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. திரை வெயிலில் தெரியுமா என்பதும் கூரைக்கடியில் தெரியாது. பேட்டரிக்கு மட்டும் ஒரு வார்த்தை: 12 வோல்ட் பழைய ஈய பேட்டரி 7 ஆம்பியர்-ஹவரில் 2 கிலோவுக்கு மேல், அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 1 கிலோவை ஒட்டித்தான், அந்த வித்தியாசத்துக்குக் காசு கொடுக்கலாம்.

வண்டி விஷயத்தில் மணலில் ஓட்டுவதா, தார் ரோட்டிலா என்று முதலில் முடிவு பண்ணுங்கள். லா ஹோயா ஷோர்ஸ் மாதிரி மணலில் ஒல்லிச் சக்கரம் புதைந்து நின்றுவிடும், பருத்த காற்றுச் சக்கரம்தான் ஓடும், விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அடியில் உள்ள ஓட்டையில் கம்பியைச் செருகித் தாங்குகிற வண்டி எளிது, ஆனால் அதற்கென்றே செய்யாத கயாக்கில் பாரத்தோடு இழுத்தால் ஓட்டை ஓரம் விரிசல் விடும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் பெரிய மனக்குறை, குளிருக்கான உடுப்பு அநேகமாக எங்குமே இல்லை. மார்ச்சில் இந்தக் கடல் 14, 15 டிகிரிதான், கவிழ்ந்தால் சில நிமிஷத்தில் விரல் சொன்ன பேச்சைக் கேட்காது. ஐயாயிரம் டாலர் கயாக்கை விற்கிறவர்கள் பக்கத்தில் ஒரு வெட்சூட்டைத் தொங்கவிட்டால் என்ன? கேட்டேன், சர்ஃப் கடைக்குப் போகச் சொன்னார்கள். போக வேண்டியதுதான்.

உள்ளூர் கடல் பற்றிய இலவசப் பேச்சு எது நடந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மாதத்தில் எங்கே யெல்லோடெயில் மீன் வரும், மெக்கரலைத் தூண்டிலில் இரையாக எப்படி மாட்டுவது, லா ஹோயாவில் மீன் பிடிக்கக் கூடாத பாதுகாப்பு எல்லை எங்கே ஆரம்பிக்கிறது என்று கடலிலேயே கிடக்கிறவர்கள் சொல்கிறார்கள், அதை எந்த ஸ்டாலிலும் விற்க மாட்டார்கள். குழந்தைகளைக் கூட்டிப் போனால் தொட்டியில் ட்ரவுட் பிடிக்கிற இடத்தை விட்டு நகர மாட்டார்கள், அதனால் வாங்குகிற வேலையை முதலில் முடித்துவிட்டு அங்கே போங்கள். சனிக்கிழமையைத் தவிருங்கள். வேலை நாளில் போனால் விற்கிறவர் நின்று பேசுவார், சீட்டில் உட்கார வரிசையும் இருக்காது.